மனதை அளக்கும் கடதாசிகள்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

வன்னியில் மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் நாம் சந்தித்த விவசாயி ஒருவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஆறு தடவைகள் இடம்பெயர்ந்தவர். ஒருவாறு சொந்தக் காணிக்குத் திரும்பி இரண்டு போகங்கள் கடந்திருந்தன. ஆனால் அவருடைய வயல் மட்டும் தரிசாகவே கிடந்தது. விடியற்காலையில் மண்வெட்டியுடன் போவார். வரம்பில் குந்தியிருப்பார். வெயில் ஏறியதும் திரும்பி வருவார். தலையிடி, நெஞ்சு இறுக்கம், கை கால் உளைவு என்று வைத்தியசாலைக்குப் பல தடவைகள் அலைந்தார். இரத்தம், சலம், நெஞ்சு எக்ஸ்றே என எல்லாம் பார்த்தாயிற்று. "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்ற பதிலே கிடைத்தது.

கடைசியாக ஒரு வைத்தியர் அவரை மனநலக் கிளினிக்கிற்கு அனுப்பினார். அங்கே ஒன்பது கேள்விகள் அடங்கிய ஒரு கடதாசியை நீட்டினார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமின்றி இருந்தீர்களா? நித்திரை குழம்பியதா? களைப்பாக இருந்ததா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொன்னார். நித்திரை பற்றிய கேள்விக்கு மட்டும் "சில நாள்" என்றார். மொத்தப் புள்ளி ஒன்று. கடதாசியின்படி அவர் முழுச் சுகதேகி.

வெளியே வந்தபின் அவர் எம்மிடம் சொன்னது இது: "ஓமெண்டு சொன்னால் எனக்கு விசர் எண்டு எழுதிப்போடுவினம். வீட்டிலை ரெண்டு குமர் இருக்கு. பிறகு ஆர் வந்து கேப்பினம்?"

அன்பான வாசகர்களே, இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. முகாமிலும், மீள்குடியேற்றக் கிராமத்திலும், பாடசாலையிலும், வைத்தியசாலையிலும் எம்மிற் பலர் இத்தகைய கடதாசிகளைக் கண்டிருக்கிறோம். சிலர் பயந்து மறைத்தோம். நிவாரணம் கிடைக்கும் என்றெண்ணிச் சிலர் கூட்டிச் சொன்னோம். எதற்கென்று தெரியாமலே பலர் பதில் சொன்னோம். இந்தக் கடதாசிகள் எவை, இவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இம்முறை சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மண் பரிசோதனை போல

மலேரியாவுக்கு இரத்தத் துளியைக் கண்ணாடியில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தால் கிருமி தெரியும். சலரோகத்துக்கு இரத்தத்தில் சீனியின் அளவு தெரியும். மனச்சோர்வுக்கோ பதகளிப்புக்கோ இவ்வாறான இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை வைத்தியசாலைகளில் இல்லை. ஒருவரின் பேச்சு, முகம், நடத்தை, வாழ்க்கை வரலாறு, வீட்டார் சொல்பவை ஆகியவற்றைக் கொண்டே வைத்தியர் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு உதவியாக ஆக்கப்பட்டவையே உளவியற் சோதனைகள்.

கமக்காரரான எமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது காணியின் ஒரு மூலையில் மட்டும் எடுக்க மாட்டோம். மாடு கட்டிய இடத்திலோ எருக் குவித்த இடத்திலோ எடுத்தால் முடிவு பிழைத்துவிடும். பல இடங்களில் எடுத்துக் கலந்து கொடுக்கிறோம். அறிக்கை ஓர் இலக்கத்துடன் வருகிறது. அந்த இலக்கத்தைப் பார்த்தவுடன் பசளை மூடையை அவிழ்ப்பதில்லை. விவசாயப் போதனாசிரியர் காணியைப் பார்க்கிறார், தண்ணீரைப் பார்க்கிறார், போன போகம் என்ன விளைந்தது என்று கேட்கிறார். அதன் பிறகே ஆலோசனை சொல்கிறார். மனதை அளக்கும் கடதாசியின் புள்ளியும் இத்தகையதே. அது ஓர் அறிக்கை, தீர்ப்பு அல்ல.

சோதனைகள் பல வகை

எல்லாச் சோதனைகளும் ஒன்றல்ல. நாம் அதிகம் காண்பவை அறிகுறிகளைக் கேட்கும் வினாக்கொத்துகள். மேலே கண்ட ஒன்பது கேள்விக் கடதாசி அமெரிக்காவில் 1990களின் இறுதியில் ஆக்கப்பட்டது. இன்று உலகின் பல நாடுகளில் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி உண்டு. மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் வைத்தியர் மேலும் கவனமாகப் பார்ப்பார். உலக சுகாதார நிறுவனம் ஆக்கிய இருபது கேள்வி வினாக்கொத்து இன்னொன்று. "ஓம்", "இல்லை" என்று மட்டும் பதில் சொன்னாற் போதும். தலையிடி, பசியின்மை, கை நடுக்கம், சமிபாட்டுக் கோளாறு போன்ற உடல் முறைப்பாடுகளையும் அது கேட்கும். மனத்துயரை உடலால் சொல்லும் எம்மைப் போன்ற மக்களுக்கு இது ஓரளவு பொருந்தி வருகிறது.

இரண்டாவது வகை, ஞாபகத்தையும் மூளையின் செயற்பாட்டையும் பார்ப்பவை. தலையில் காயம்பட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் இவை செய்யப்படும். இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள் என்று கேட்பார்கள். 1975 இல் வெளியான முப்பது புள்ளிச் சோதனை இவற்றுள் பெயர்பெற்றது.

மூன்றாவது வகை, பிள்ளைகளின் நுண்மதியை அளப்பவை. நான்காவது வகை, ஒருவரின் ஆளுமையைப் பார்ப்பவை. 1921 இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஹெர்மன் றோர்ஷாக் வெளியிட்ட பத்து மைக்கறை அட்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. 1943 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வெளியான 500 க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் கொண்ட வினாக்கொத்தும் அவ்வாறே. இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தம்மை நல்லவராகக் காட்டுவதற்காக மறைப்பவரையும், இல்லாததைக் கூட்டிச் சொல்பவரையும் இனங்காணவென்றே சில வாக்கியங்கள் அதனுள் வைக்கப்பட்டுள்ளன. மனிதர் கடதாசிக்கு எப்போதும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை என்பதைச் சோதனையை ஆக்கியவர்களே அறிந்திருந்தார்கள்.

பழைய பாடம் ஒன்று

நுண்மதிச் சோதனையின் கதையை இடம்பெயர்ந்த மக்களாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பாடசாலையில் மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காக 1905 இல் பாரிஸ் நகரில் அல்பிரட் பினேயும் தியோடோர் சிமோனும் முதலாவது சோதனையை ஆக்கினார்கள். பிள்ளைக்கு உதவுவதே நோக்கம். ஒரு பிள்ளையின் நுண்மதி மாறாதது, கூட்ட முடியாதது என்று சொல்வோரைப் பினே வெளிப்படையாகவே மறுத்தார்.

ஆனால் அந்தச் சோதனை அட்லாண்டிக் கடலைக் கடந்ததும் வேறு வேலைக்குப் பயன்பட்டது. 1910களில் நியூயோர்க் துறைமுகத்தின் எலிஸ் தீவில், கப்பலால் இறங்கிய குடிபெயர்ந்தோருக்கு ஹென்றி கொடாட் என்பவரின் குழு அதை வைத்துப் பார்த்தது. நீண்ட பயணத்தால் களைத்தவர்கள், பாஷை தெரியாதவர்கள், பாடசாலையே காணாதவர்கள் அவர்களுள் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. பரிசோதிக்கப்பட்டவர்களுள் பெரும் பகுதியினர் "மந்தபுத்தியுள்ளோர்" என்று எழுதப்பட்டார்கள். குறை அவர்களிடம் இருந்ததா, சோதித்த முறையில் இருந்ததா என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம். களைத்து, பசித்து, புதிய இடத்தில், வேற்றாள் முன்னே இருந்து பதில் சொன்ன அனுபவம் எமக்கும் உண்டல்லவா?

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. மூன்று பாடசாலைகள் மாறி, இரண்டு வருடம் படிப்பே இல்லாமல் இருந்த பிள்ளையை அதே வயதுப் பிள்ளைகளுக்கான சோதனையில் இருத்தினால் புள்ளி குறையத்தான் செய்யும். அது பிள்ளை தவறவிட்ட படிப்பின் அளவாக இருக்கலாம். காது கேளாமையோ கண் பார்வைக் குறைவோ கூட இருக்கலாம். "மந்தம்" என்ற சொல்லை எழுதுவதற்கு முன் இவையெல்லாம் பார்க்கப்பட்டனவா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

முதியவர்களுக்கும் இதே நியாயம். பேனா பிடித்தறியாத ஆச்சியிடம் ஒரு வசனம் எழுதுங்கள் என்றால் ஞாபகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புள்ளி போய்விடும். இதனை உணர்ந்து 1995 இல் வட இந்தியக் கிராமப்புறத்தில், படிப்பறிவற்ற முதியவர்களுக்கு ஏற்றவாறு அந்த முப்பது புள்ளிச் சோதனையை மாற்றியமைத்தார்கள். மனிதருக்கு ஏற்றபடி சோதனையை மாற்றலாம் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

சுளகு செய்யும் வேலை

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஒரு வினாக்கொத்து எவ்வளவு சரியாகச் சொல்லும்?

ஒன்பது கேள்விக் கடதாசி பற்றி 2001 இல் வெளியான ஆய்வில், பத்துப் புள்ளியை எல்லையாக வைத்தபோது, கடும் மனச்சோர்வு உள்ள 100 பேரில் 88 பேரை அது சரியாகப் பிடித்தது. அந்த நோய் இல்லாத 100 பேரில் 88 பேரை நோயில்லை என்று சரியாக விட்டது. நல்ல சோதனைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிராமத்தில் வளர்ந்தவர்கள் 1000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் உண்மையில் 100 பேருக்கு மனச்சோர்வு நோய் உண்டு. அந்த நூறில் 88 பேரைக் கடதாசி பிடிக்கும், 12 பேர் தவறிவிடுவார்கள். மீதி 900 பேருக்கு நோயில்லை. ஆனால் அவர்களிலும் நூற்றுக்கு 12 பேர் வீதம், அதாவது 108 பேர், எல்லையைத் தாண்டுவார்கள். ஆக, "புள்ளி கூட" என்று வருவோர் 196 பேர். அவர்களுள் உண்மையான நோயாளர் 88 பேர் மட்டுமே. பாதிக்கும் குறைவு!

அப்படியானால் சோதனை பயனற்றதா? இல்லை. ஆயிரம் பேரையும் ஒரு மணித்தியாலம் வீதம் இருத்தி விசாரிக்க எந்த வைத்தியராலும் முடியாது. 196 பேரை விசாரிக்க முடியும். நெல்லைச் சுளகிற் புடைப்பது போலத்தான் இது. சுளகு சப்பியைப் பெருமளவு பிரித்துத் தரும். பிறகும் கல் பொறுக்கக் கையும் கண்ணும் வேண்டும். தவறிய 12 பேரையும் மறக்கக் கூடாது. நாம் தொடக்கத்திற் கண்ட விவசாயி அவ்வாறு தவறியவர்.

புள்ளி கூடியும் மனநோய் இல்லாத ஒருவரையும் நாம் அறிவோம். அவர் மூன்று பிள்ளைகளின் தாய். எந்நேரமும் சோம்பல், களைப்பு, எதிலும் நாட்டமின்மை, சிந்தனை மந்தம், சாப்பாடு வேண்டாம். கடதாசியில் புள்ளி பதினைந்து. "கணவனை இழந்த கவலை" என்று ஊரார் முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் வைத்தியர் மாத்திரை எழுதுவதற்கு முன் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தச்சோகையும், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் குறைபாடும் இருந்தன. அவற்றுக்கு மருந்து கொடுத்ததும் சில மாதங்களில் தேறினார். கடதாசி பிழையாகச் சொல்லவில்லை. அறிகுறிகள் உண்மையில் இருந்தன. காரணத்தைச் சொல்லும் ஆற்றல் மட்டும் கடதாசிக்கு இல்லை.

எங்கள் பாஷையில் கேட்கிறார்களா?

அறிகுறிகளைச் சொல்லும் முறை இடத்துக்கு இடம் வேறுபடும். எம்மவர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வது அபூர்வம். "ஒரே யோசனை", "நெஞ்சு பத்தி எரியுது", "தலைக்குள்ளை கிறுதியாக் கிடக்கு", "உடம்பெல்லாம் உளையுது" என்றே சொல்வோம். ஆங்கிலக் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கேட்டால் கேள்வியும் பதிலும் சந்திக்காமற் போகலாம். அதனாலேயே மொழிபெயர்த்த கேள்விகளை வேறொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நோயை முடிவு செய்யும் எல்லைப் புள்ளியையும் அந்தந்த மக்களிடையே சோதித்துத்தான் நிர்ணயிக்க வேண்டும்.

இதற்கு ஆபிரிக்காவின் சிம்பாப்வே நல்ல முன்மாதிரி. அங்கே ஷோனா மொழி பேசும் மக்கள் மனத்துயரை "குஃபுங்கிசிசா" என்பார்கள். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பதே அதன் பொருள். எங்கள் "ஒரே யோசனை" தான்! 1990களில் மனநல வைத்தியர் விக்ரம் பட்டேலும் குழுவினரும் மக்கள் பயன்படுத்தும் சொற்களையே திரட்டி, பதினான்கு கேள்விகள் கொண்ட ஷோனா வினாக்கொத்தை 1997 இல் வெளியிட்டார்கள். 2006 இல் அதே நாட்டு வைத்தியர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய "நட்பு வாங்கு" திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலைய முற்றத்து வாங்கில் இருந்து அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், வந்தவரின் பிரச்சினையை ஒவ்வொன்றாகத் தீர்க்க வழிகாட்டினார்கள். 2016 இல் வெளியான ஆய்வு, ஆறு மாதங்களின் பின் அவ்வாறு உதவி பெற்றவர்களின் நிலை மற்றவர்களை விட நன்றாக இருந்ததைக் காட்டியது.

எமது நாட்டிலும் முயற்சிகள் உண்டு. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் பல நாட்டவர்கள் வினாக்கொத்துகளுடன் வந்திறங்கினார்கள். அக்காலப்பகுதியில் உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ, எம் நாட்டு மக்கள் தமது துன்பத்தை எவ்வாறு விபரிக்கிறார்கள் என்று முதலிற் கேட்டு, அதிலிருந்து ஓர் அளவுகோலை ஆக்கி 2008 இல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2007 இல் எழுதிய கட்டுரையில், போர் தனியாட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று காட்டினார். "கூட்டு மனவடு" என்று அது சொல்லப்படுகிறது. கிணறு, கோயில், தேவாலயம், வாசிகசாலை, அயல் எல்லாவற்றையும் ஒருங்கே இழந்த காயம் அது. ஒருவரை மட்டும் இருத்தி எழுதும் கடதாசியில் அது முழுமையாகப் பதிவாகாது.

எம்மைப் பற்றிய எண்கள்

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் 1517 குடும்பங்களை உள்ளடக்கி ஓர் ஆய்வு நடைபெற்றது. இரண்டு முகாம்களும் அதில் அடங்கின. 2011 இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் அது வெளியானது. மொத்தமாகப் பார்த்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பேரிடம் மனவடு நோயின் அறிகுறிகளும், 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. அப்போது முகாம்களில் இருந்தவர்களிடம் இவை முறையே 13, 49, 42 ஆக இருந்தன.

இந்த எண்களை எப்படி வாசிப்பது? "முகாம் சனத்தில் பாதிப் பேர் மனநோயாளர்" என்று வாசிப்பது பிழை. இவை வினாக்கொத்தினால் கிடைத்தவை, சுளகில் தங்கியவை. ஒவ்வொருவரையும் வைத்தியர் தனித்தனியே பார்த்து முடிவு செய்தவை அல்ல. இன்னொரு விடயமும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஒவ்வொருவரும் அனுபவித்த அதிர்ச்சிச் சம்பவங்களையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தபோது, இடம்பெயர்ந்தவர் இடம்பெயராதவர் என்ற வேறுபாடு மறைந்துவிட்டது. முகாமில் இருந்தவர்கள் மனந்தளர்ந்த பிறவிகள் அல்லர். அவர்கள் தலையில் கூடுதலான துன்பம் விழுந்திருந்தது.

துக்கம் எல்லாம் நோயாகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளையை இழந்த தாய் அழுவதும், காணாமற் போனவரைத் தேடும் மனைவி நித்திரையின்றிக் கிடப்பதும் இயல்பான துயரம். கடதாசிக்கு அந்த வேறுபாடு தெரியாது, புள்ளியைக் கூட்டும். அதே வேளை, "இது துக்கந்தானே" என்று சொல்லி நாளாந்த வாழ்க்கையே முடங்கிப் போனவரைக் கைவிட்டு விடவும் கூடாது. எவ்வளவு காலமாக, எவ்வளவு கடுமையாக, சமைக்க, குளிக்க, வேலை செய்ய, பிள்ளையைப் பார்க்க முடிகிறதா என்பனவற்றைக் கேட்டே வைத்தியர் பிரித்தறிகிறார்.

கடைசிக் கேள்வி

ஒன்பது கேள்விகளுள் இறுதியானது, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணமோ வந்ததா என்பது. இதைக் கேட்பது அபசகுனம் என்று சிலர் சினப்பதுண்டு. கேட்டால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடும் என்றும் பயப்படுகிறார்கள். அது உண்மையல்ல. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. உள்ளே இருந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. இந்தக் கேள்விக்கு "ஓம்" என்ற பதில் வந்தால் மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். கிருமிநாசினிகளை வீட்டிலிருந்து அகற்றி வேறிடத்திற் பூட்டி வையுங்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

நாம் செய்ய வேண்டியவை

கடதாசி ஒன்று உங்கள் முன் வைக்கப்படும்போது பின்வருவனவற்றை மனதிற் கொள்ளுங்கள்.

முதலில், இது எதற்கு என்று கேளுங்கள். உங்களுக்குச் சிகிச்சை தருவதற்கா, அல்லது ஆய்வுக்கா? ஆய்வு எனில் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்ததற்காக வீட்டுத்திட்டமோ நிவாரணமோ நிறுத்தப்படக் கூடாது. பங்குபற்றினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணி இல்லாததைச் சொல்லவும் வேண்டாம். இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படுவதும், உண்மையான நோயாளர் வரிசையிற் பின்னே தள்ளப்படுவதுமே அதன் விளைவு.

பதில்களை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கிராம சேவையாளருக்கோ அயலவருக்கோ அதிகாரிகளுக்கோ போகுமா? சிகிச்சைக்காகச் சொல்பவை வைத்தியருக்கும் உங்களுக்கும் இடையில் இருக்க வேண்டியவை. பலர் நிற்கும் மண்டபத்தில் கேட்டால், தனியிடத்திற் சொல்கிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேள்வி விளங்காவிட்டால் விளங்காது என்று சொல்லுங்கள். விளங்காமற் சொன்ன "ஓம்" பிழையான முடிவையே தரும். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். தாயின் துயரத்தைப் பத்து வயதுப் பிள்ளை வாயாற் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் காயம், தாயாலும் உண்மை சொல்ல இயலாது. வளர்ந்த, நம்பிக்கையான ஒருவரை அல்லது வைத்தியசாலை ஊழியரைக் கேளுங்கள்.

முடிவை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். புள்ளியை மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டு நீட்டினால், "என்னுடைய உடம்பையும் ஒருக்கால் பார்ப்பீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். இன்று கைத்தொலைபேசியிலும் இத்தகைய கேள்விகள் வருகின்றன. இளைஞர்கள் பதில் எழுதித் தமக்குத் தாமே நோயின் பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். புள்ளி கூட வந்தால் அதை வைத்தியரிடம் போவதற்கான காரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தைத் தாமாக வாங்கக் கூடாது.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. நோயாளியோடு கூடப் போய் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். நாம் தொடக்கத்தில் எழுதிய விவசாயியின் கதையில் திருப்பம் அவ்வாறே வந்தது.

அவருடைய புள்ளி ஒன்று என்று பார்த்த வைத்தியர் கடதாசியை மடித்து ஒருபுறம் வைத்துவிட்டு, கூட வந்த மனைவியிடம் கேட்டார்: "அம்மா, வீட்டிலை ஐயா எப்பிடி இருக்கிறார்?"

மனைவி சொன்னார்: "சாமத்திலை எழும்பிப் படலையடியிலை நிப்பார். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், ஒரு கொத்துக் கொத்தமாட்டார். பேரப்பிள்ளையைக் கூடத் தூக்கிறதில்லை, ஐயா."

வைத்தியர் அன்று கேள்விகளை மறுபடி கேட்கவில்லை. காணியைப் பற்றிக் கேட்டார். என்ன நெல் விதைத்தீர்கள், கடைசியாக எப்போது சூடு அடித்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். இங்கே சொல்வது ஊருக்குப் போகாது என்றும், இது விசர் அல்ல, மாற்றக்கூடிய வருத்தம் என்றும் விளங்கப்படுத்தினார். மூன்றாவது தடவை சென்றபோதுதான் ஒன்பது கேள்விகளும் மீண்டும் கேட்கப்பட்டன. இம்முறை புள்ளி பதினேழு. மருந்தும் உளவளத்துணையும் தொடங்கின. மூன்று மாதங்களின் பின் அதே கேள்விகள், அதே மனிதர், புள்ளி எட்டு. ஒருவரின் இன்றைய புள்ளியை அவருடைய பழைய புள்ளியோடு ஒப்பிட்டுத் தேறுகிறாரா என்று பார்ப்பதற்கு இந்தக் கடதாசிகள் மிகவும் உதவுகின்றன.

அவர் முழுமையாகச் சுகமடைந்துவிட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. மாதம் ஒரு தடவை கிளினிக்கிற்குப் போகிறார். சில இரவுகளில் இன்னும் படலையடியில் நிற்பதாக மனைவி சொல்கிறார். ஆனால் நாம் கடைசியாகச் சென்றபோது அரை ஏக்கரில் கச்சான் போட்டிருந்தார். மீதி நிலத்துக்கு மண் பரிசோதனை செய்விக்கப் போவதாகச் சொன்னார். எங்கெங்கே மண் எடுக்க வேண்டும் என்று எமக்குக் காணியைச் சுற்றிக் காட்டினார்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இவ்வாறு வரம்பில் குந்தியிருக்கும் ஒருவர் இருந்தால் இந்தப் பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். அங்கே போகும் நாளில் நீங்களும் அவரோடு கூடப் போங்கள்.